வெள்ளிமலைக்கு வரப்போகிற உங்களுக்கு

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் ஒரு சின்னத் தீவு, வானம் மனது வைத்தால் மட்டும் வரும் கப்பல், கல் வீட்டில் ஒரு வாரம், போன் இல்லை, வண்டிச் சத்தம் இல்லை என்று ஒரு பயணக் கட்டுரையில் படித்தது முதல் அதே நினைப்பாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். விசாவுக்கும் விமானத்துக்கும் ஆகிற செலவு நம் கைக்கு எட்டாது, நம்ம பக்கத்தில் அப்படி ஓர் இடம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றும் வேண்டாம் என்று முன்கூட்டியே அடித்தும் விட்டீர்கள். உங்கள் அம்மாவுக்குப் பிறந்த ஊர் சின்னசேலம் என்று படித்த பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. சின்னசேலத்தில் நின்று வடக்கே பார்த்தால் நீலமாகத் தெரியுமே, அந்தக் கல்வராயன் மலைக்கு வாருங்கள்.

வழி எளிது. சென்னை எழும்பூரில் இரவு சேலம் ரயில் ஏறினால் விருத்தாசலம் வழியாக விடிவதற்குள் சின்னசேலம். பஸ்சில் வந்தால் உளுந்தூர்பேட்டையில் திரும்பிக் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து கச்சிராயபாளையம் சாலையைப் பிடித்தால் இரண்டு பக்கமும் கரும்பும் நெல்லும். அரவைக் காலமாக இருந்தால் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்களின் பின்னால் மெதுவாகத்தான் போக முடியும், அவசரப்படாதீர்கள். கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் கோமுகி அணை. முழு நீர்மட்டம் 46 அடி. மலையில் பெய்கிற மழை இங்கே வந்து நின்று, கள்ளக்குறிச்சி வயல்களுக்குப் பாய்ந்து, மணிமுத்தாற்றோடும் வெள்ளாற்றோடும் கலந்து பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. அணையைக் கடந்தால் மலைச்சாலை. கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிந்ததும் காற்று மாறிவிட்டதை உடம்பு சொல்லும். முதலில் கரியாலூர், அதற்கு அப்பால் தாலுகாத் தலைநகரான வெள்ளிமலை.

இந்த மலையை வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. ஊட்டியில் பாதி உயரம்தான். அதனால் உறைபனியும் தேயிலைத் தோட்டமும் எதிர்பார்க்காதீர்கள். வெள்ளைக்காரர் கோடை நகரம் கட்ட நினைக்காத மலை இது. பங்களாக்கள் இல்லை, ஏரியைச் சுற்றிக் குதிரை இல்லை. கரியாலூரில் ஒரு படகுக் குழாமும் சிறுவர் பூங்காவும் உண்டு. அதற்கு மேல் சுற்றுலா என்று சொல்லிக்கொள்ள அருவிகள்தான்: மேகம், பெரியார், கவியம், சிறுகலூர். பெரியார் அருவி சாலையை ஒட்டி இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுக்க அங்கேதான். மேகம் அருவிக்குக் காட்டுக்குள் இறங்கி நடக்க வேண்டும், முழங்கால் ஒத்துழைத்தால் அதற்குப் போங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டது அருவி இல்லையே. ஒரு வாரம் சும்மா இருக்க ஓர் இடம் கேட்டீர்கள். அதற்கு இந்த மலையில் உள்ளே இருக்கிற ஊர்கள் வேண்டும். சேராப்பட்டு, இன்னாடு, தொரடிப்பட்டு, கிளாக்காடு, ஆரம்பூண்டி என்று சிற்றூர்கள் பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடக்கின்றன. மழைக்காலம் முடிந்த கையோடு அந்தப் பக்கம் ஒரு காலையில் நடந்து பாருங்கள். பனி விலகும்போது முதலில் பலாமரத்தின் தலை தெரியும், பிறகு ஓலைக் கூரை, அதற்குப் பிறகு களத்தில் காய்கிற சாமைக் கதிர். மாட்டின் கழுத்து மணி ஒன்று எங்கோ கேட்டுக்கொண்டே இருக்கும், மாடு கண்ணில் படாது. மதியம் வெயில் இருக்கும், அது சுடாது. இருட்டியபின் மலை விளிம்பில் உட்கார்ந்தால் கீழே சமவெளியில் சின்னசேலமும் கள்ளக்குறிச்சியும் விளக்குப் பொட்டுகளாகக் கிடக்கும். பூச்சிகளின் சத்தம் காது நிறைய இருக்கும், அதுவும் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். இரவில் கம்பளி வேண்டும். சென்னையில் பல வருடமாகத் தூக்கம் சரியில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு இந்த மலை நல்ல மருந்து. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கு உயர்வாக எதையும் தேடாதீர்கள். கேழ்வரகுக் களி, சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கொல்லையில் பறித்த கீரை, வேகவைத்த குச்சிக்கிழங்கு. மரவள்ளியைத்தான் இங்கே குச்சிக்கிழங்கு என்பார்கள். மலையின் இன்றைய பணப்பயிர் அதுதான், சின்னசேலம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு லாரி லாரியாக இறங்குகிறது. ஜவ்வரிசிப் பாயசம் குடிக்கிற நமக்கு இந்த மலையோடு அப்படி ஒரு பழைய பழக்கம் உண்டு. கிழங்கின் விலையை மலைக்காரர் வைப்பதில்லை, கீழே வைக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுத வேண்டும், இப்போது விடுகிறேன்.

இந்த மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த அண்ணன் தம்பிகளின் வழி நாங்கள் என்பது அவர்கள் வாய்வழிக் கதை. கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலைக்காரர்களையும் அந்தக் கதை பங்காளிகளாக்கிச் சேர்த்துச் சொல்லும். ஆண்களின் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று வரும். வெளியூர்க்காரர் வந்தால் முதலில் தண்ணீர், பிறகுதான் கேள்வி.

இனி நான் சொல்லப்போவது உங்கள் ஒரு வாரத்துக்கு அவசியமா என்று உங்களுக்குத் தோன்றலாம். அவசியம் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் ஆசைப்பட்ட அந்த ஸ்காட்லாந்துத் தீவுகளில் ஒன்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எக் என்று பெயர். மல்லைக் துறையிலிருந்து கப்பல். ஒன்பது கிலோமீட்டர் நீளம், ஐந்து கிலோமீட்டர் அகலம். சுற்றுலா வருகிறவர் கார் கொண்டுபோக முடியாது. உங்கள் கட்டுரையில் இருந்த அத்தனை அமைதியும் அங்கே உண்டு. ஆனால் அந்தத் தீவு தலைமுறை தலைமுறையாகத் தனி ஒருவர் சொத்தாக இருந்தது. ஒரு நிலப்பிரபு இன்னொருவருக்கு விற்பார், வாங்கியவர் வேறொருவருக்கு விற்பார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீடு நிலைக்குமா, நிலத்தில் எதையாவது நட்டால் அறுக்க விடுவார்களா என்று தெரியாது. கடைசியில் தீவுக்காரர்களே உண்டியல் ஏந்தினார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பணம் அனுப்பினார்கள். 1997 ஜூன் 12 அன்று 15 லட்சம் பவுண்டுக்குத் தங்கள் தீவைத் தாங்களே வாங்கினார்கள். அப்போது அங்கே இருந்தவர்கள் அறுபது சொச்சம் பேர். 2008இல் நீர், காற்று, வெயில் மூன்றிலிருந்தும் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இளையவர்கள் திரும்பி வந்தார்கள். இன்று நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

அதே கடலில் இன்னும் தொலைவில் செயின்ட் கில்டா என்ற தீவுக் கூட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே சுற்றுலாக் கப்பல்கள் போயின. வந்தவர்கள் தீவுக்காரர்களை வேடிக்கை பார்த்தார்கள், கம்பளித் துணி வாங்கினார்கள், திரும்பினார்கள். 1930 ஆகஸ்ட் 29 அன்று அங்கே மிச்சமிருந்த 36 பேரும் இனி எங்களால் முடியாது என்று தாங்களே கேட்டுக் கரைக்கு வந்துவிட்டார்கள். இன்றும் அங்கே அமைதி இருக்கிறது. பல வீடுகள் கூரையில்லாமல் நிற்கின்றன.

நம் மலையின் கதைக்கு வருகிறேன். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது: சடையகவுண்டன் ஜாகீர், குறும்பகவுண்டன் ஜாகீர், அரியகவுண்டன் ஜாகீர். விஜயநகர அரசர் கொடுத்த உரிமை என்று சொல்லிக்கொண்டு மூன்று குடும்பங்கள் மலை முழுவதையும் ஆண்டன. வெள்ளைக்கார அரசும் அதை அப்படியே விட்டுவைத்தது. உழுகிற ஏருக்கு வரி, அதற்கு மேல் ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாத வேலை. 1947இல் கீழே கொடி ஏறியபோதும் மேலே ஜாகீர் ஜாகீராகவே இருந்தது. இப்படிப்பட்ட மானியங்களை ஒழிக்கும் இனாம் ஒழிப்புச் சட்டம் 1963இல் வந்தது, வழக்குகளில் இழுபட்டது. அரசு மலையைக் கையில் எடுத்தது 1976இல். நினைத்துப் பாருங்கள், உங்கள் அம்மா சின்னசேலத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில், அந்த ஊரிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மலையின்மேல் ஒரு மனிதர் தன் அப்பன் பாட்டன் உழுத நிலத்தில் இன்னொருவருக்குச் சும்மா உழைத்துக்கொண்டிருந்தார்.

ஜாகீர் போய்விட்டது. ஆனால் உழுகிறவன் பெயருக்கு நிலம் வந்ததா என்றால், பல இடங்களில் இன்னும் இல்லை. வருவாய்த் துறை நிலமா, வனத் துறை நிலமா என்கிற இழுபறியில் பட்டா இல்லாமல் விதைத்து அறுக்கிறவர்கள் நிறையப் பேர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நம்பிக்கை கொடுத்தது, ஆனால் மெதுவாக நடக்கிறது. பட்டா இல்லாதவருக்குப் பயிர்க்கடன் இல்லை. கடன் இல்லாதவர் விதைப்பை முடித்ததும் குடும்பத்தோடு கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் கிளம்புகிறார். நீங்கள் நடக்கப்போகிற ஊரில் சில வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஆள் அரவமே இல்லை, என்ன அமைதி என்று அப்போது உங்களுக்குத் தோன்றும். அந்த நேரத்தில் இந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

போன் சிக்னல் இல்லாத இடம் வேண்டும் என்றீர்கள். இருக்கிறது. மலையின் பல ஊர்களில் சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறித்தான் 108ஐ அழைக்க முடியும். ஆம்புலன்ஸ் வந்தாலும் சாலை முடிகிற இடத்தில் நின்றுவிடும், பிள்ளைத்தாய்ச்சியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வருவார்கள். வண்டிச் சத்தமே கேட்கக் கூடாது என்றீர்கள். பஸ்சைத் தவறவிட்ட பள்ளிப் பிள்ளைகள் கிலோமீட்டர் கணக்கில் நடக்கிற பாதையில் வண்டிச் சத்தம் கேட்காதுதான். பெரிய பிள்ளைகள் பலர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிவிடுவதற்கு இதுவும் காரணம். நமக்கு ஒரு வாரம் இளைப்பாறுதலாக இருப்பது அவர்களுக்கு வருடம் முழுக்க இல்லாமை. உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஓய்வு கேட்பது தப்பே இல்லை. இந்த மலையால் அதைக் கொடுக்கவும் முடியும். யாருடைய வாசலில் உட்கார்ந்து இளைப்பாறுகிறோம் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சாராயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலை என்றாலே ஊறல், சாராயம் காய்ச்சுவது, போலீஸ் சோதனை என்று செய்தித்தாளில் படித்துப் பழகியிருப்பீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் ஊரின் தெருக்களில் வரிசையாகப் பந்தல் போட்ட நாட்கள் அவை. அதில் கலந்திருந்தது தொழிற்சாலை மெத்தனால். என்றாலும் பெயர் கெட்டது மலைக்கும் சேர்த்துத்தான். அதன் பிறகு, 2024 ஜூலையில், நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது. சாலை, பஸ், மருத்துவம், பள்ளி என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. இத்தனை பேர் சாகாமல் இந்தக் கேள்விகள் வந்திருக்கக் கூடாதா என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. மலையில் காய்ச்சுகிறவர்கள் சிலர் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அருவிக்கரையில் நீங்கள் பார்க்கப்போகிற உடைந்த பாட்டில்கள் கீழிருந்து வந்த நம்மவர்கள் போட்டவை. அங்கே வெறுங்காலோடு மாடு மேய்க்கிற பிள்ளைகள் நடக்கிறார்கள்.

ஆகவே சில வேண்டுகோள்கள். மே மாதம் அரசு கோடை விழா நடத்தும். கலைநிகழ்ச்சியும் கண்காட்சியும் பார்க்க ஆசைப்பட்டால் அப்போது வரலாம், நீங்கள் கேட்ட ஓய்வு அப்போது கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் அருவிகள் நிறைந்து விழும், ஆனால் மேலே எங்கோ கொட்டிய மழை ஒரு நொடியில் கீழே வெள்ளமாக இறங்கும். வனத்துறை குளிக்கத் தடை போட்டால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். என்னைக் கேட்டால் தை மாதம்தான் சரி. மழை விட்டிருக்கும், அருவியில் தண்ணீர் மிச்சம் இருக்கும், குச்சிக்கிழங்கு பிடுங்கத் தொடங்கியிருப்பார்கள், காட்டில் கடுக்காய் பொறுக்குவார்கள். கரியாலூரில் வனத்துறையின் தங்கும் விடுதி உண்டு, கள்ளக்குறிச்சியில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டு வாருங்கள். உள்ளே இருக்கிற ஊர்களுக்குப் போவதென்றால் யாராவது ஓர் உள்ளூர்க்காரரோடு போங்கள், ஊர்க்கவுண்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதுதான் மரியாதை. சாமி இருக்கிற மரத்தடியிலும் பாறையிலும் செருப்போடு ஏறாதீர்கள். கேட்காமல் பெண்களையும் குழந்தைகளையும் படம் எடுக்காதீர்கள்.

ஒரு வீட்டில் சோறு போட்டால் காசு வாங்க மறுப்பார்கள். விருந்தாளியிடம் எப்படி வாங்குவது என்பார்கள். நீங்கள் விட்டுவிடாதீர்கள். அவர்களிடமிருந்து தேன், கடுக்காய், சாமை, புளி என்று எது இருக்கிறதோ அதை வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். சென்னைக் கடையில் சிறுதானியம் என்ற பெயரில் கண்ணாடி டப்பாவில் விற்கிற சாமைக்கு நீங்கள் என்ன கொடுப்பீர்களோ, அதை விளைவித்தவர் கையில் அப்படியே கொடுங்கள். இந்த மலையைச் சுற்றுலாத் தலமாக்க வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு வருடமும் எழுகிறது. ரிசார்ட் வந்தால் வேலை வரும் என்கிறார்கள். வரலாம். ஆனால் பட்டா இல்லாத ஊரில் ரிசார்ட் வந்தால் வேலி யாருடைய நிலத்தில் விழும் என்பதை யோசியுங்கள். முதலில் நிலம் அவர்கள் பெயரில் வரட்டும், பிறகு விருந்தினர் விடுதியை அவர்களே நடத்தட்டும். எக் தீவில் நடந்தது அந்த வரிசையில்தான், இங்கேயும் அந்த வரிசை மாறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும். கூட்டமாக வந்து அருவியில் குளித்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவர்களால் இந்த மலைக்குக் குப்பைதான் மிச்சம். ஒரே ஊரில் நாலு நாள் தங்கி, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேசிக்கொண்டிருக்கிறவருக்கு மலையும் திறக்கும், மனிதரும் திறப்பார்கள். போய்விட்டு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அருவியையும் பனியையும் பற்றி ஆசை தீர எழுதுங்கள். கூடவே, நீங்கள் தங்கிய ஊருக்கு ஒரு நாளில் எத்தனை தடவை பஸ் வந்தது, பக்கத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கு எவ்வளவு தூரம், அந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கிறது என்று நாலு பேரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தை வெட்டாமல் முழுதாக வெளியிடுகிறேன்.

அன்புடன்,
கள்ளக்குறிச்சியிலிருந்து உங்கள் நண்பன்